‘என்ன நடந்தது?’ என்று கேட்பதற்கு முன்னால்

வாசகர் கேள்வி – பதில்

வன்முறை, விபத்து, பேரிடர், பாலியல் கொடுமை என்று பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் எதிரில் வந்து உட்காரும்போது என்ன செய்வது? இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைத்தான் கேட்கின்றன. எழுதியிருப்பவர்கள் கவுன்சலிங் சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படிக்கும் முதுகலை மாணவர்கள். பதில் சொல்பவர்கள் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஆலோசகர்கள்.

*

கேள்வி: அடுத்த மாதம் ப்ராக்டிகம் (ஆட்களை நேரில் சந்திக்கும் பயிற்சி) தொடங்குகிறது. முதல் சந்திப்பிலேயே ஒருவர் நடந்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்தால் தடுக்கலாமா? தடுத்தால் மனம் நோகாதா?
– எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

தடுக்க வேண்டாம். ஆனால் வேகத்தைக் குறைப்பது உங்கள் பொறுப்பு. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிறவருக்குப் பெரும்பாலும் அன்றிரவு தூக்கம் வராது. ‘முன்பின் தெரியாத பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டோமே’ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அடுத்த வாரம் நாற்காலி காலியாக இருக்கும். ‘கிளையன்ட் முதல் அமர்விலேயே நன்றாக மனம் திறந்தார்’ என்று மாணவரின் கேஸ் ரிப்போர்ட்டில் ஒரு வரி பெருமையோடு நிற்கும். அவர் ஏன் திரும்ப வரவில்லை என்பதற்கான காரணமும் அதே வரியில்தான் இருக்கிறது.

தன் உடம்பின் மீதும் தன்னைச் சுற்றி நடப்பதன் மீதும் இருந்த பிடி ஒருவரிடமிருந்து பிடுங்கப்பட்டதுதான் அதிர்ச்சியின் மையம். அதனால் எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்ற பிடியை முதலில் அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படிச் சொல்லலாம்: “அக்கா, நீங்க சொல்ல வர்றது பெரிய விஷயம். அவசரமில்லாம கேக்கணும்னு நெனக்கிறேன். கொஞ்சம் தண்ணி குடிங்க. இன்னிக்கு எவ்வளவு சொல்லணும்ங்கறது உங்க இஷ்டம். பாதியில நிறுத்தினாலும் தப்பே இல்ல.”

ஓர் அமர்வின் 50 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் இந்த இடத்தைப் பற்றியே போகட்டும். நீங்கள் மாணவி என்பது, உங்கள் மேற்பார்வையாளர் யார், எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது, எத்தனை வாரம் இருப்பீர்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். நடுவில் இன்றைய நிலை. இப்போது இருக்கும் வீடு பாதுகாப்பானதா, தூக்கமும் சாப்பாடும் எப்படி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் திறக்காதீர்கள். “இங்கேருந்து எதுல போவீங்க? வீட்டுக்குப் போனதும் என்ன வேலை?” என்று சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவந்து வாசல்வரை வழியனுப்புங்கள்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் உட்காரக் கூடாது. கதவைத் தாழிடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத் தாழிடுங்கள். அழத் தொடங்கியதும் டிஷ்யூவை எடுத்து நீட்டினால் ‘அழுகையை நிறுத்து’ என்று சொல்வதுபோல் ஆகிவிடும். அவர் கைக்கு எட்டும் இடத்தில் முன்பே வைத்துவிடுங்கள். போன் நம்பர் வாங்கும்போது, “இந்த நம்பருக்குப் பண்ணா யார் எடுப்பாங்க? எந்த நேரத்துல பண்ணலாம்?” என்று கேட்க மறக்காதீர்கள். அடித்த கணவரே போனை எடுத்து, ‘கவுன்சலிங் சென்டர்லேருந்து பேசறோம்’ என்பதைக் கேட்டால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளை ஒரு செமஸ்டருக்காவது மறந்துவிடுங்கள். “ஏன் அப்பவே சொல்லல?” என்பது அவர் ஊரிலும் வீட்டிலும் நூறு முறை கேட்ட கேள்வி. “அப்ப சொல்ல முடியாதபடி என்னவெல்லாம் இருந்துச்சு?” என்று மாற்றினால் குற்றம் சாட்டும் தொனி போய்விடும்.

*

கேள்வி: பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று உறைந்துபோனால்? எங்கள் வகுப்பில் ‘கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லுங்கள்’ என்றார்கள்.
– எம்.எஸ்.டபிள்யூ. மாணவர், மதுரை

அதைத்தான் செய்யக் கூடாது. கண்ணை மூடினால் அறை மறைந்துவிடும். நடந்தது மட்டும் கண்முன் நிற்கும். ஆழமாக இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். ‘ஏதோ ஆகிறது’ என்று பயம் இன்னும் கூடும்.

உறைவதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும். பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும். பதில் வரத் தாமதமாகும். குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். ‘ம்’ மட்டும் வரும். அந்தக் கணமே கதையை நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: “லட்சுமியம்மா, நான் பேசறது கேக்குதா? நாம சென்டர்ல இருக்கோம். இன்னிக்கு வியாழக்கிழமை. இங்க நீங்களும் நானும்தான்.” குரல் வழக்கமான அளவில் இருக்கட்டும், தாலாட்டுவதுபோல் இழுக்க வேண்டாம். கண்ணைத் திறந்தபடியே பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தோளைத் தொடாதீர்கள், யார் தொடுகிறார்கள் என்று பிரித்தறியும் நிலையில் அவர் இல்லை.

மூச்சுப் பயிற்சி வேண்டுமானால் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடலாம். ஐந்தாறு முறை போதும். ஆனால் கழுத்தை நெரிக்கப்பட்டவருக்கும் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவருக்கும் மூச்சைக் கவனிப்பதே பழையதைக் கிளப்பிவிடலாம். அவர்களுக்குப் பாதமும் கையும்தான்.

திரும்ப வந்த பிறகு அன்று கதைக்குப் போகக் கூடாது. ‘உடம்போட அலாரம் அடிச்சுடுச்சு, அவ்வளவுதான். பைத்தியம் பிடிக்கிற அறிகுறி இல்ல இது’ என்று விளக்குங்கள். இந்த ஒரு விளக்கத்தில் பலருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இதைப் படித்தால் போதாது. வாயால் சொல்லிப் பழக வேண்டும். மூன்று பேராகச் சேருங்கள்: ஒருவர் ஆலோசகர், ஒருவர் கிளையன்ட், ஒருவர் கவனிப்பவர். பத்து நிமிடம் பயிற்சி, ஐந்து நிமிடம் கருத்து, பிறகு இடம் மாறுங்கள். ஒரு விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கிளையன்ட்டாக நடிப்பவர் தன் வாழ்க்கையில் உண்மையாக நடந்த அதிர்ச்சியை எடுக்கக் கூடாது. பஸ்ஸைத் தவறவிட்டது, ஹாஸ்டல் வார்டனிடம் திட்டு வாங்கியது போன்ற சின்ன எரிச்சலே நுட்பத்தைப் பழகப் போதும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் பாதிக்கப்பட்டவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். யார் என்று ஆசிரியருக்குத் தெரியாது.

*

கேள்வி: பதினாறு வயதுப் பெண் ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா’ என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பேசினால், ரகசியம் காப்பதா, புகார் கொடுப்பதா?
– முதுகலை உளவியல் மாணவி, கோயம்புத்தூர்

சத்தியம் செய்துவிட்டு மீறுவதுதான் அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். அதனால் முதல் சந்திப்பின் முதல் சில நிமிடங்களிலேயே, “நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னா, அதை நிறுத்தறதுக்கு மட்டும் சிலர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்” என்று சொல்லிவிடுங்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19: 18 வயது நிரம்பாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21ன்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். மாணவர் என்பதற்காக விலக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு 19 சொல்கிறது.

அன்றே, அறையை விட்டு வந்ததும் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று உங்கள் மொழிக்கு மாற்ற வேண்டாம். விசாரணை செய்யாதீர்கள். அவள் இதையே போலீஸிடம், டாக்டரிடம், மாஜிஸ்ட்ரேட்டிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ‘மாமா இங்க தொட்டாரா?’ என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் பிறகு நீதிமன்றத்தில் அது அவளுக்கு எதிராகத் திரும்பும். ‘அப்புறம்?’ போதும். இன்றிரவு அவள் எங்கே தூங்கப் போகிறாள், செய்தவர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும். வீட்டிலேயே இருந்தால் முதல் போன் வீட்டுக்குப் போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது.

அடுத்து நடக்கப்போவதை அவளுக்குச் சொல்லுங்கள். வாக்குமூலத்தைக் கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்கலாம். குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். விசாரணையிலும் வழக்கிலும் அவளுக்கு உதவும் துணை நபர் ஒருவரை அந்தக் குழு நியமிக்க முடியும்.

உறவுமுறைச் சொல்லிலும் கவனம் வேண்டும். கெடுதல் செய்தவர் ‘மாமா’ என்றால், ஆண் மாணவர் அந்தக் குழந்தையிடம் தன்னையே ‘மாமா’ ஆக்கி, ‘மாமாகிட்ட சொல்லு’ என்று பேசுவது எத்தனை பெரிய தவறு! அவளையே கேளுங்கள்: “என்னை எப்படிக் கூப்பிடப் பிடிக்கும்?”

*

கேள்வி: பி.சி.எல்-5 கேள்வித்தாளை நாங்களே தமிழில் பெயர்த்துப் பயன்படுத்தலாமா?
– ஆய்வு மாணவர், சென்னை

அது அதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் பாதிப்பை அளக்க உதவும் 20 கேள்விகள் கொண்டது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. மதிப்பெண் 31–33ஐத் தாண்டினால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். அது நோய் நிர்ணயம் ஆகாது. சம்பவம் நடந்து ஒரு மாதம் ஆகாதவரிடம் ‘பி.டி.எஸ்.டி.’ (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ‘ஃப்ளாஷ்பேக் வருகிறதா?’ என்று கேட்டால், சினிமா பார்த்து வளர்ந்த நம் ஊரில் ‘பழைய நினைவு வருமா’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்; எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். “அது இப்பவே திரும்ப நடக்குற மாதிரி, அந்த எடத்துலயே இருக்குற மாதிரி ஆயிடுதா?” என்று கேட்க வேண்டும். எப்போதும் எச்சரிக்கையாக இருக்கிறீர்களா என்பதற்கு நம் ஊரில் ‘ஆமா, பொம்பளப் புள்ள வீட்டுல இருக்கே’ என்று பதில் வரும். “சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுதா?” என்பது திடுக்கிடல் பற்றிய கேள்விக்கு நேராகப் பொருந்தும். உணர்ச்சி மரத்துப்போவதற்கு ‘மனசு மரத்துப் போச்சு’ என்று மக்களே சொல்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு ஐந்தாறு பேரிடம் படித்துக் காட்டி, ‘இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்து டம்ளர் படம் வரைந்து காட்டலாம்: காலி, கால், அரை, முக்கால், நிறைய.

நம் மக்கள் பயத்தை உடம்பால் சொல்வார்கள். ‘நெஞ்சு படபடங்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘தலை கனக்குது’ என்பதெல்லாம் அந்த 20 கேள்விக்குள் அடங்காது. தனியாகக் கேட்டு எழுதுங்கள். நெஞ்சுவலி என்றால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள்.

*

கேள்வி: செத்துப்போகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால், நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாக ஆகாதா?
– மாணவி, விழுப்புரம்

ஆகாது. நேராகவே கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சீங்களா? அது இப்ப கைக்கெட்டுற எடத்துல இருக்கா?” மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். விவசாய வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, இன்றே யார் அதை வீட்டிலிருந்து அகற்றுவார்கள் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். அவரைத் தனியாக அனுப்பாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். எழுதிக் கையில் கொடுங்கள்.

*

கேள்வி: வெள்ளம் வந்தால் எங்கள் துறையிலிருந்து வேனில் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே என்ன கவுன்சலிங் செய்வது?
– எம்.எஸ்.டபிள்யூ. மாணவர், கடலூர்

முதல் வாரத்தில் கவுன்சலிங் வேண்டாம். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் செல்வாக்கோடு இருந்தது. அந்த ஒரே அமர்வு பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. உலக சுகாதார நிறுவனம் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை.

பார்ப்பது என்றால், காயம்பட்டவர், தனியாக நிற்கும் குழந்தை, மாத்திரை தீர்ந்துபோன சர்க்கரை நோயாளி, யாரையோ தேடிக்கொண்டிருப்பவர் ஆகியோரைப் பார்ப்பது. கேட்பது என்றால், ‘இப்ப உடனே என்ன வேணும்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. இணைப்பது என்றால் ரேஷன் கார்டு தொலைந்தவரை வி.ஏ.ஓ.விடம், குடும்பத்தைத் தேடுபவரைப் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவரிடம் நேரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அன்றைக்கு அதுதான் மனநல வேலை. முகாம் பொறுப்பாளர், மருத்துவ முகாம் இருக்கும் இடம், கழிப்பறை, போன் சார்ஜ் போடும் இடம் ஆகியவற்றை விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே உள்ளே போங்கள்.

குழந்தைகளிடம் ‘தண்ணி வந்ததை வரைஞ்சு காட்டு’ என்று கேட்காதீர்கள். எதை வேண்டுமானாலும் வரையட்டும். போட்டோ எடுக்காதீர்கள். மறுநாளும் வர முடியாது என்றால் ‘நாளைக்கு வர்றேன்’ என்று சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆளை இழந்த வீடுகளில், டிசம்பர் நெருங்கும்போது தூக்கம் கெடுவதும் படபடப்பும் பல ஆண்டுகள் தொடர்ந்திருக்கின்றன. சர்வே எடுக்கப் போகும் மாணவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

*

கேள்வி: இங்கே உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமாவுக்குப் பின் முதுமாணி (முதுகலை) படிக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் அம்மாவிடம் ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது சரியா?
– மாணவி, வவுனியா

சரியில்லை. இறப்பைக் கண்டவருக்குச் சொல்லும் ‘ஏற்றல்’ என்ற படிமுறை இங்கே பொருந்தாது. உடல் இல்லை, செய்தி இல்லை, ஈமக்கிரியை இல்லை. இந்த வகை இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்கிறார்கள். பெயரிட்டவர் அமெரிக்கக் குடும்ப நல ஆய்வாளர் பாலின் பாஸ். இதில் குழம்பியிருப்பது நிலைமைதான். அந்த அம்மாவின் மனத்தில் கோளாறு இல்லை. ‘இருக்கிறான்’ என்றும் ‘இல்லை’ என்றும் ஒரே நாளில் இரண்டையும் நினைக்க அவருக்கு இடம் வேண்டும். அவர் ‘இருக்கிறான்’ என்று பேசினால் நீங்களும் நிகழ்காலத்திலேயே பேசுங்கள். ‘காணாமல் போன’ என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் தாமாகப் போகவில்லை, காணாமல் ‘ஆக்கப்பட்டார்கள்’, அதற்குப் பதில் வேண்டும் என்றுதான் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2016 முதல் இலங்கையில் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதைக் குறிக்கும் சான்றிதழ் பெற வழி உண்டு. காணி, வங்கிக் கணக்கு அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் அதற்கு விண்ணப்பிப்பதையே மகனைக் கைவிடுவதாக உணரும் தாய்மார் இருக்கிறார்கள். தகவலைச் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம். தனித்தனியாக இருத்திப் பேசுவதைவிட, ஒரே நிலையில் உள்ள அம்மாமார் சேர்ந்திருக்கும் இடத்தில் உங்கள் உதவி கூடுதலாகப் பயன்படும். போரின் காயம் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கியது என்பதை யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருகிறார்.

*

கேள்வி: கேட்ட காட்சிகள் இரவில் எனக்கே வருகின்றன. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?
– மாணவர், திருநெல்வேலி

இது தகுதிக் குறைவால் வருவதில்லை. வேலையின் தன்மையால் வருவது. மேற்பார்வை கிடைக்காதபோது அதிகமாகும். உங்களுக்கு எத்தனை மணி நேரம் மேற்பார்வை கிடைக்கிறது என்று முதலில் கணக்குப் பாருங்கள். அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளை மதிப்பிடும் சி.ஏ.சி.ஆர்.இ.பி. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்புகளில் ப்ராக்டிகம் 100 மணி, இன்டர்ன்ஷிப் 600 மணி; அதில் நேரடியாக ஆட்களைச் சந்திப்பது முறையே 40, 240 மணி. இரண்டிலும் வாரம் சராசரியாக ஒரு மணி நேரமாவது மேற்பார்வை கட்டாயம். நம் ஊரில் செமஸ்டர் முடிவில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதே மேற்பார்வை என்று சில இடங்களில் நடக்கிறது. அது மாணவருக்கும் ஆபத்து, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தனியாக முடியாவிட்டால் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு கனமான அமர்வுகள் வேண்டாம். நடுவில் கால் மணி நேரம் எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள். ஹாஸ்டலுக்குப் போய் அறைத் தோழியிடம் காட்சியை விவரிக்காதீர்கள். அவருக்கும் தொற்றும், ரகசியமும் போகும். குறிப்பு எழுதும்போது சிகிச்சைக்குத் தேவையில்லாத கோர விவரங்களை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம் கெட்டால், அல்லது குறிப்பிட்ட ஒருவரின் அமர்வைத் தவிர்க்கக் காரணம் தேடத் தொடங்கினால், உங்களுக்கென்று ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

*

கேள்வி: இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சியில் இ.எம்.டி.ஆர். சான்றிதழ் தருகிறார்கள். சேரலாமா?
– மாணவி, சேலம்

கண்ணசைவைக் கொண்டு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் சிகிச்சை முறை அது. அறிமுகமாகக் கேட்டுக்கொள்ளலாம், அதை வைத்து யாருக்கும் சிகிச்சை செய்யக் கூடாது. நினைவைத் திறக்கும் எந்த முறையிலும் திறப்பது எளிது, மூடுவதுதான் கடினம். மேற்பார்வையோடு பழகாதவர் கையில் அது பாதியில் நின்றுவிடும். இப்போது உங்களுக்கு வேண்டியது மேலே சொன்ன முதல் 50 நிமிடம்.

*

கேள்வி: ஏப்ரலில் ப்ளேஸ்மென்ட் முடிகிறது. என்னிடம் வருகிற அக்கா இப்போதுதான் பேசவே தொடங்கியிருக்கிறார். வாட்ஸ்ஆப் நம்பரைக் கொடுத்துவிட்டு வரலாமா?
– எம்.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்

கொடுக்க வேண்டாம். தேர்வு நாளில் நள்ளிரவு அவர் அழைத்து, நீங்கள் எடுக்காமல் போனால், அவரை இன்னொருவர் கைவிட்டதாக ஆகிவிடும். எத்தனை வாரம் இருப்பீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கடைசி மூன்று அமர்வுகளில் புதிதாக எதையும் தோண்டாமல், இதுவரை எது உதவியது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து அவரைப் பார்க்கப்போகிற ஆலோசகர் யார் என்று சென்டரில் முடிவு செய்து, கடைசிக்கு முந்தைய அமர்வில் அவரையும் பத்து நிமிடம் வந்து உட்காரச் சொல்லுங்கள். நடந்ததைப் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா, நீங்கள் எழுதிய குறிப்பே போதுமா என்று அந்த அக்காவையே கேளுங்கள். குறிப்பைக் கொடுக்கச் சொன்னால், கொடுப்பதற்கு முன் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எந்த வரியை அடிக்கச் சொல்கிறாரோ, அதை அவர் முன்னாலேயே அடித்துவிட்டுக் கொடுங்கள்.